காப்பி டின்னின் கண்

நாலு நாளாக போரா.
ட்ரியஸ்தேயில் நாங்கள் அதைக் காற்று என்று சொல்வதில்லை.
வட்டிக்காரன்போல வந்து
கராஜின் தகரக் கதவை உலுக்கிக்கொண்டிருக்கிறது.
உள்ளே நான்,
அறுபத்துநாலாம் வருடத்து ஆல்ஃபா ஸ்பைடர்,
கொக்கியில் தொங்கும் ஒரு கைவிளக்கு.

பல் மருத்துவர் ஒருவரின் விதவை விற்ற வண்டி.
"என்னைவிட இதைத்தான் அவர் அதிகம் தொட்டார்" என்றாள்
சாவியைத் தரும்போது.
அதைச் சொல்லிவிட்ட வெட்கத்தில்
விலையில் கொஞ்சம் குறைத்தாள்.

ஒப்பிச்சினா மேட்டில், இரண்டாம் கியரில்,
அதற்கு இருமல்.
பிளக் மாற்றினேன். ஒயர் மாற்றினேன்.
கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிச்
சமையலறையில் கழுவியதில்
ஒரு வாரம் பாஸ்தாவில் பெட்ரோல் வாசம்.
"மெக்கானிக்கிடம் விடேன்" என்றான் தம்பி நேவியோ.
துறைமுகச் சுங்கத்தில் இருபத்தாறு வருடம்
ஊரார் பெட்டியைத் திறந்து பார்த்தவள் நான்.
என் பெட்டியை
இன்னொருவன் திறக்க விடுவேனா?

டிஸ்ட்ரிபியூட்டரை உருவினேன்.
அதன் கழுத்தைச் சுற்றி
ஜலதோஷக்காரன் மஃப்ளர்போல ஒரு தகரத் துண்டு.
எண்ணெய்க் கறுப்பைத் துடைத்தால்
சிவப்பு, கொஞ்சம் பொன்,
ஒரு பெண்ணின் ஒற்றைக் கண், பாதிப் புருவம்.
காப்பி டின்!
எவனோ கத்தரித்து, சுற்றி, செருகியிருக்கிறான்.
சிரித்தேன்.
கள்ளச் சரக்கைப் பிடித்த அதிகாரியின் சிரிப்பு.
குறடால் இழுத்தேன்; கிழிந்து வந்தது.

மிலானிலிருந்து புதுசு வர மூன்று வாரம்,
பாதி மாதச் சம்பளம்.
பொருத்தி, போல்ட்டை இறுக்கி,
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று
உதடு அசைய ஒயர்களைச் செருகினேன்.
பிடித்தது இன்ஜின். பிடித்த கையோடு பிதற்றியது.
டைமிங் லைட்டில்
புல்லியின் வெள்ளைக் கோடு
ஓரிடத்தில் நிற்கவில்லை.
சோதனை மேசையில் பெட்டியை வைத்துவிட்டு
வாசலைப் பார்ப்பவனின் கண்
அப்படித்தான் அலையும்.

இரண்டு இரவு வைதேன்,
மிலானை, பல் மருத்துவரை, காரணமில்லாமல் நேவியோவை.
மூன்றாம் இரவு மறுபடி உருவி
அந்தத் துளைக்குள் விரலை விட்டுத் தடவினேன்.
வட்டமில்லை.
ஒரு பக்கம் தேய்ந்து
வட்டத்துக்கும் முட்டைக்கும் நடுவில் ஏதோ ஒன்று.
இருமியது பழைய டிஸ்ட்ரிபியூட்டர்தான், வாஸ்தவம்.
ஆனால் இந்தத் துளை என்றைக்கோ தளர்ந்துபோக
அதற்கொரு கைத்தடி கொடுத்திருந்தான் அவன்.
அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு
காலைக் குறைசொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நல்லவேளை, எறியவில்லை.
ஒரு கண்ணைக் குப்பையில் போட
யாருக்கு மனம் வரும்?
தட்டில், ஆணிகளுக்கு நடுவில், என்னையே பார்த்தபடி.
மைக்ரோமீட்டரின் இரண்டு உதட்டுக்கிடையே வைத்தேன்:
மில்லிமீட்டரில் நூற்றுக்குப் பதினெட்டு.

பிறகு மாடி மாடியாகத் தகரம் கேட்டேன்.
இன்றைய காப்பி டின் இருபத்துமூன்று.
பிஸ்கட் டப்பா இருபத்தைந்து, அதன் மூடி வேறு கணக்கு.
ஷூ பாலிஷ் டப்பா வளையவே மறுத்தது.
மூன்றாம் மாடி ஸோரா கொசூத்தா
மத்தி மீன் டப்பா ஒன்றை நீட்டினாள், திறக்காதது.
"தின்றுவிட்டு வெட்டு. மீனை வீணாக்காதே."
நின்றபடியே தின்றேன், ரொட்டிகூட இல்லாமல்.
கழுவி, வெட்டி,
ஓரங்களை உப்புத்தாளில் மழுக்கிச் சுற்றியபோது
அச்சடித்த மீனின் வால் மட்டும் வெளிப்பக்கம் நின்றது.
இருக்கட்டும்.
அடுத்துத் திறப்பவர் யாரோ, அவரும் சிரிக்கட்டும்.

விடியற்காலை ஐந்து.
கதவைப் பாதி தூக்கிக் கட்டினேன்.
சாவி.
வெள்ளைக் கோடு தன்னிடத்தில் நின்றது.
ஆடியதெல்லாம் கதவுதான்.

ரொட்டி வாங்கப் படியிறங்கிய ஸோரா
தலைத்துணியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு
காற்றுக்கு மேலே கத்தினாள்:
"மீன் எப்படி இருந்தது?"

"பதினெட்டு!" என்றேன்.